முட்டையக்காவும் நூறு சாரும்

பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே, சாலையைக் கடந்தால் ஒரு தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவர் முழுக்க யூனிஃபார்ம் துணி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு அவள் முட்டையக்கா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தார்கள், அப்புறம் பழகிப்போய் மூஞ்சிக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும், "என்னடி, இடுப்பு பத்தலையா, இப்படித் திரும்பு" என்று அளவு நாடாவை எடுப்பாள். கோபமே வராது. பட்டம் வைத்தது பிள்ளைகள்தான் என்றாலும் அதற்குப் பாடுபட்டது அவள். வருஷா வருஷம் வேதியியல் பரீட்சைக்குப் பெயர் கொடுத்து, வருஷா வருஷம் போய் உட்கார்ந்து, வருஷா வருஷம் சுத்தமான முட்டை வாங்கிக்கொண்டு வருவது என்ன லேசுப்பட்ட காரியமா?

கிறுக்கு என்று சிலர் சொல்வார்கள். கிறுக்கெல்லாம் கிடையாது. வஞ்சம். நன்றாகத் துவைத்து, உலர்த்தி, மடித்து வைத்த வஞ்சம்.

அங்கே பள்ளியை முடிக்கிறவர்கள் மூன்று பாடம் எடுத்து எழுத வேண்டும். எந்த மூன்று என்பது அவரவர் இஷ்டம். ஆனால் அந்த மூன்றுதான் பிற்பாடு தலையெழுத்து. எல்லாவற்றையும் கூட்டி ஒரே மார்க்காகப் போடுகிற வழக்கம் இல்லை. ஒவ்வொரு பாடமும் தனி, ஒவ்வொன்றுக்கும் தனி கிரேடு. இன்ன படிப்புக்கு இன்ன மூன்று பாடம் வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்கும். இரண்டு கையில் இருந்து மூன்றாவது இல்லையென்றால் வாசலோடு சரி, திரும்பி நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அவளுக்கு மருந்தாளர் படிப்பின் மேல் ஆசை. அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில், கண்ணாடி போட்ட மருந்துக் கடைக்காரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டா உங்கம்மா தாங்கமாட்டாங்க. டாக்டர்கிட்ட நான் பேசறேன், நீ உக்காரு" என்று டாக்டருக்கே போன் போட்டதைப் பார்த்தாள். டாக்டரையே ஒரு வார்த்தை கேட்கிற பொம்பளையா என்று பிரமித்துப் போனவள், அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். உயிரியல், இயற்பியல், வேதியியல். மூன்றும் எடுத்தாள். முதல் இரண்டும் கைவந்தன. வேதியியல் சுமார். மக்கு இல்லை, சுமார். தட்டுத்தடுமாறி ஒரு சி வாங்கியிருப்பாள்.

வாங்க விட்டால்தானே.

வேதியியல் எடுத்தவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நூறு சார். தன் பாடத்தில் எழுதினவர்கள் அத்தனை பேரும் பாஸ் என்று வாசல் பலகையில் வருஷா வருஷம் எழுத வைப்பார். 'வேதியியல் 100%.' ஊரே வாயைப் பிளக்கும். அதன் சூட்சுமம் வகுப்புக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஃபெயிலாகிற மாதிரி தெரிகிறவர்களை அவர் எழுதவே விடமாட்டார். எழுதினால்தானே கணக்கு. பள்ளிக்கூடம் பெயர் அனுப்ப வேண்டிய கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார். அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வருவார்.

அந்தச் சாயங்காலம் அவள் ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். போட்டிருந்தது அக்காவின் பழைய பாவாடை, இடுப்பு ரொம்பப் பெரிசு, ஊக்கு குத்தித்தான் நிற்கும். எழுந்து நில் என்று அவர் சொன்ன நேரம் பார்த்து ஊக்கு தெறித்துவிட்டது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எழுத வேண்டாம்."

"ஏன் சார்?"

"உன்னால என் நூறு போயிடும்." வகுப்பு சிரித்தது. சிரிப்பு கிடைத்த உற்சாகத்தில் அவர் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். "முதல்ல பாவாடையை நிக்க வைக்கக் கத்துக்கோ. வேதியியலை அப்புறம் பாக்கலாம்."

சிவப்புப் பேனா ஒரு கோடு இழுத்தது. அவ்வளவுதான், ஒரு ஆளின் வாழ்க்கையை முடிக்க அதுக்கு மேல் என்ன வேண்டும்?

மற்ற இரண்டு பாடத்திலும் நல்ல கிரேடு வந்தது. பல்கலைக்கழகம் மூன்றாவது எங்கே என்று கேட்டது. அப்பா, "ரெண்டுல பாஸ், ஒண்ணு எழுதவே இல்லைன்னா, இதை நாலு பேர்கிட்ட நான் என்னன்னு சொல்றது" என்று தலையில் அடித்துக்கொண்டு, அவளைச் சித்தியின் தையல் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். பாவாடையை நிக்க வைக்கத்தான் கற்றுக்கொண்டாள். ஊரிலேயே அவள் மாதிரி இடுப்பு பிடிக்க ஆள் கிடையாது. கல்யாணம் ஆனது. புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், நல்ல மனுஷன், வாய் மட்டும் மூடாது. சித்தி ஓய்ந்துபோனதும் கடை இவளுக்கு வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, எதிரே அந்தப் பலகை மட்டும் இல்லாதிருந்தால். வருஷத்துக்கு ஒரு முறை ஏணி வைத்து, பழைய வருஷத்தைச் சுரண்டிவிட்டு, புது வருஷத்தை எழுதுவார்கள். நூறு அப்படியே இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

ஒரு நாள் பள்ளிக்கூட குமாஸ்தா தன் பேன்ட்டைச் சிறுசு பண்ணக் கொண்டுவந்தவர், பேச்சுவாக்கில் புலம்பினார். ரிட்டயர் ஆன யாரோ ஒரு தாத்தா, பொழுது போகாமல், வெளி ஆளாக வரலாற்றுப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்து எழுதி ஃபெயிலாகிவிட்டாராம். வரலாற்று டீச்சர் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிகிறாராம்.

"அவர் ஃபெயிலானா டீச்சருக்கு என்ன?"

"நம்ம பள்ளிக்கூடத்துலதானே வந்து எழுதினார். இந்த ஊருக்கே இது ஒண்ணுதான் சென்டர். வெளி ஆள் எழுதினாலும் நம்ம கணக்குலதான் விழும். மாட்டேன்னு சொல்லவும் முடியாது. எந்த வயசுக்காரரும், எந்தப் பாடத்தையும், ஒண்ணே ஒண்ணை மட்டும் கூட எழுதலாம்னு சட்டம்."

அவள் கையில் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றுவிட்டது. "அப்படியா" என்றாள். அந்தப் பேன்ட்டை அவள் தைத்துக் கொடுத்த அழகைக் குமாஸ்தா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த வருஷமே பெயர் கொடுத்தாள். பரீட்சை மண்டபத்தில் சுவரோரம் வெளி ஆட்களுக்கென்று தனி வரிசை. அதில் அவள் ஒருத்திதான். நூறு சார் அப்போது தலைமையாசிரியர் ஆகியிருந்தார், சென்டர் பொறுப்பும் அவரிடம்தான். விடைத்தாளில் தன் எண்ணை அழகாக எழுதினாள். பேனாவை மூடி வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு, மூன்று மணி நேரமும், அவர் நடந்த பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பித் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இரண்டு தரம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் பலகையில் வேதியியல் ஏறவில்லை. தொண்ணூற்றெட்டு சொச்சத்தை எவன் பலகையில் எழுதுவான்?

மறுநாளே சார் சாலையைக் கடந்து கடைக்கு வந்துவிட்டார். முகம் செத்துப் போயிருந்தது. "ஏம்மா, உனக்கும் எனக்கும் என்ன பகை? நீ யாரு?"

இந்தக் கேள்வியைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷமும், அவர் தன்னைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வார், முகம் வெளுக்கும் என்றெல்லாம் கற்பனை பண்ணி வைத்திருந்தாள். அந்த மனுஷனுக்கு ஞாபகமே இல்லை. அவள் பெயர் அவருக்குத் தெரியும்தான், பட்டியலில் இருக்கிறதே. அந்தப் பெயரில் ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள். இவள் வாழ்க்கையை முறித்துப் போட்டவருக்கு, முறித்தது யாருடையது என்றுகூடத் தெரியவில்லை. அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"நீங்களே யோசிச்சுப் பாருங்க சார்" என்றாள்.

அன்றைக்குப் பிடித்த வியாதி அவருக்கு. வருஷா வருஷம் ரிசல்ட் வந்த மறுவாரம் கடைக்கு வருவார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒருத்தியைச் சொல்வார். "கடைசி பெஞ்சு, ரெட்டைச் சடை, அப்பா லாரி ஓட்டினார். அந்தப் பொண்ணா நீ?" இல்லை சார். "திக்கித் திக்கிப் பேசும், கண்ணு கொஞ்சம் மாறுகண்." இல்லை சார். "கோடு போட்டப்போ மயங்கி விழுந்ததே, அதுவா?" அதுவும் இல்லை சார். ஒவ்வொரு தரமும் அவர் புதுசாக ஒருத்தியைக் கிளறி எடுத்துக்கொண்டு வந்தார். அத்தனை பேரா என்று அவளுக்கே திக்கென்றிருக்கும். அவருக்கும் இருந்திருக்கும், வரவர முகத்தில் எலும்புதான் மிஞ்சியது. நன்றாக இருக்கட்டும் என்று அவள் பட்டனுக்கு ஓட்டை போடுவாள்.

இதற்கு நடுவில் எதிர்பாராத ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. மூன்று மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எளிதா? எதிரே கேள்வித்தாள் இருக்கிறது. முதல் வருஷம் அவரைப் பார்த்தாள். இரண்டாம் வருஷமும் அவரைப் பார்த்தாள். எத்தனை தடவைதான் அந்த மூஞ்சியையே பார்ப்பது? கேள்வியைப் படிக்க ஆரம்பித்தாள். அட, இது தெரியுமே என்று ஒன்று தோன்றும், கை பரபரக்கும். வீட்டுக்கு வந்து சரிதானா என்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது. பள்ளியை முடித்த பிள்ளைகள் விட்டுப்போகும் பழைய புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு, மெஷின் மேலேயே விரித்துப் படித்தாள். நாளடைவில் கேள்வித்தாளில் அவளுக்குத் தெரியாத கேள்வி என்று ஒன்றிரண்டுதான் மிஞ்சியது. எல்லாம் தெரிந்திருந்தும் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருகிற அன்றைக்கு மட்டும் அவள் சரியாகச் சாப்பிடமாட்டாள்.

"எழுதித் தொலையேன்" என்பான் புருஷன். "உன் பழைய ரெண்டு பாடமும் செல்லும். ஒவ்வொண்ணும் தனித்தனிதானே, எப்ப வேணா சேர்த்துக்கலாம்னு நீதானே சொன்ன? இது ஒண்ணு வந்துட்டா அந்த மருந்துப் படிப்புக்கு உன்னைச் சேர்த்துக்குவாங்க. பெரியவங்களுக்கு சாயங்கால வகுப்பு கூட இருக்காமே."

"நான் பாஸ் பண்ணா அந்தாளுக்கு நூறு."

"உனக்கு சீட்டு."

"எனக்கு சீட்டு, அந்தாளுக்கு நூறு. வேண்டாம்."

"உன்னைத் திருத்த முடியாது" என்று அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அப்படியிருக்க, ஒரு வருஷம், பரீட்சைக்கு வெகு நாள் முன்னாலேயே சார் வந்தார். இந்தத் தடவை யாரையும் கிளறி எடுத்துக்கொண்டு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "அடுத்த வருஷம் நான் ரிட்டயர்ம்மா. இது கடைசி. நீ எழுது, வேண்டாம்னு சொல்லலை. பாஸ் பண்ணு. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். கேள்வித்தாளைப் படிக்கிறப்போ உன் உதடு அசையறதைப் பார்த்திருக்கேன். வேணும்னா நானே சொல்லித் தரேன்."

நானே சொல்லித் தரேன். அன்றைக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருப்பார் இந்த மனுஷன்? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஆனாலும் அவளுக்கும் வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மருந்துக் கடைக்காரம்மாவின் கண்ணாடி கண்ணை விட்டுப் போகவில்லை. போகிற மனுஷன், ஒரே ஒரு நூறு, எடுத்துக்கொண்டு தொலையட்டும். எனக்கு என் மூன்றாவது பாடம் வேண்டும். இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, "சொல்லித் தர வேண்டாம். பாஸ் பண்றேன் சார்" என்றாள்.

"வாக்கு மாறமாட்டியே?"

"மாறமாட்டேன்."

வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைக் கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்த்தாள்.

பள்ளிக்கூடம் பெயர் அனுப்புகிற கடைசி நாள் வந்தது, போனது. மறுநாள் காலையில் வேதியியல் மிஸ் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதே பள்ளியில் படித்து, பல்கலைக்கழகம் போய், அதே பள்ளிக்கு டீச்சராக வந்தவள், சின்னப் பெண். பள்ளிப் பாவாடை போட்ட காலத்திலிருந்து உடுப்பு தைக்க இந்தக் கடைதான் அவளுக்கு. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இந்த வருஷம் பாஸ் பண்றேன்னு சார்கிட்ட சொன்னீங்களா?"

"ஆமா. ஏன்?"

மிஸ் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நேத்து சிவப்புப் பேனாவை எடுத்துட்டு வந்துட்டார் அக்கா. ஏழு பிள்ளைங்க."

முட்டையக்காவுக்கு முதலில் புரியவில்லை. அவர் வருஷா வருஷம் செய்கிறதுதானே என்றாள்.

"இல்லைக்கா. நீங்க எழுத ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அவர் ஒருத்தர் பேரையும் அடிக்கலை. எதுக்கு அடிக்கணும்? நீங்க எப்படியும் முட்டை வாங்குவீங்க, நூறு எப்படியும் போயிடும். அப்புறம் ஒரு சுமாரான பிள்ளையை நிறுத்தி என்ன பிரயோசனம்? அதனால எல்லாரையும் விட்டுட்டார். சுமாரா இருந்தவங்க எல்லாரும் எழுதினாங்க." மிஸ்ஸின் குரல் இறங்கியது. "நானும் சுமார்தான் அக்கா. மாதிரிப் பரீட்சையில கடைசி ஆளு. எனக்கு வந்தது ஒரு சி. அந்த சியை வெச்சுத்தான் நான் பல்கலைக்கழகம் போனேன். உங்க முட்டையாலதான் நான் டீச்சர். இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இவ்வளவு நாள் இருந்துட்டேன்."

முட்டையக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இத்தனை வருஷமும் ஒருத்தருக்கும் நல்லது செய்ய நினைக்கவில்லை. அந்த மனுஷன் முகத்தில் கரி பூச வேண்டும், அது ஒன்றுதான் எண்ணம். அந்தக் கரிக்குப் பின்னால் இத்தனை பிள்ளைகள் தாண்டிப் போயிருக்கிறார்கள். இப்போது தனக்கு ஒரு சீட்டு என்று கை நீட்டின உடனே ஏழு பேர் தலையில் மண் விழுந்துவிட்டது. தன்னை வைத்தே அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார். பல்லைக் கடித்ததில் அவளுக்குத் தாடை வலித்தது.

"அந்தப் பிள்ளைங்ககிட்ட என்ன சொன்னாராம்?"

"உங்களால என் நூறு போயிடும்னு."

"அதே வார்த்தை" என்றாள் முட்டையக்கா. எழுந்து, கையில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக மெத்தையில் குத்தினாள். "வெளி ஆள் பேர் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு. அது உனக்குத் தெரியுமா? எனக்கு அன்னைக்குத் தெரியாது. ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து சொல்லியிருந்தா போதும். அந்த ஏழு பேரையும் உடுப்பு சரி பண்ணணும்னு சொல்லி இங்க அனுப்பு."

ஏழு பேரும் வந்தார்கள். அழுது முடித்த முகங்கள். பெற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்ல வைத்து, மறுநாளே புருஷனின் வேனில் ஏற்றினாள். ஃப்ரிட்ஜ் ஏற்றுகிற வேன், உள்ளே கேஸ் நாற்றம், ரிப்பேருக்கு வந்த பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும் மூலையில் நின்றது. பிள்ளைகள் அதில் சாய்ந்துகொண்டு போனார்கள். நகரத்துப் பரீட்சை அலுவலகத்தில் வரிசையில் நிறுத்தி, எட்டுப் பேருக்கும் வெளி ஆள் என்று பெயர் பதிந்தாயிற்று. எட்டாவது அவள்.

திரும்பி வருகிற வழியில் அவளை ஒரு கவலை அரித்தது. கடைசியில் சொல்லிவிட்டாள். "ஏங்க, இந்தப் பிள்ளைங்க பாஸ் பண்ணணும். பண்ண வெச்சிடுவேன், மிஸ் இருக்கா, நான் இருக்கேன். நானும் பாஸ் பண்ணணும், வாக்கு கொடுத்துட்டேன். எல்லாரும் பாஸ் பண்ணா அந்தாளுக்கு நூறு கிடைச்சிடும். இவங்க பேரை அடிச்ச கையோட நூறையும் வாங்கிட்டு ரிட்டயர் ஆவார். என்னால தாங்க முடியாது. நான் பேசாம இந்தத் தடவையும் முட்டையே போடறேன்."

புருஷன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். "நீங்க எல்லாம் வரிசையில நின்னப்போ நான் எங்க போனேன்னு கேட்டியா?"

"டீ குடிக்கப் போனீங்க."

"பக்கத்து கவுண்டர்ல நின்னேன். நானும் பேர் கொடுத்துட்டேன். வேதியியல்." பின்னால் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "நீ பாஸ் பண்ணும்மா. உன் முட்டையை நான் போடறேன். கேஸ் சிலிண்டரைத் தவிர எனக்கு ஒரு எழவும் தெரியாது, தைரியமா இரு."

கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனை அவள் அப்படி ஒரு தடவையும் பார்த்ததில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றாள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் தையல் கடைதான் வகுப்பு. மிஸ் ரகசியமாக வந்து போனாள். வெட்டு மேசையில் ஏழு புத்தகம், மெஷின் மேல் ஒன்று. யாராவது கொட்டாவி விட்டால் முட்டையக்கா அளவு நாடாவால் முதுகில் ஒன்று வைப்பாள். புருஷன் மூலையில் உட்கார்ந்து மிஸ்ஸிடம் தன் சந்தேகத்தைக் கேட்டான். "சரியான விடையைக் கறுப்பாக்கணும்னு ஒரு பகுதி இருக்காமே, கண்ணை மூடிக்கிட்டு குத்தினாலும் பாஸ் ஆயிடுமா? அப்படி எதாவது விபரீதம் நடந்துடக் கூடாது பாருங்க." எதையும் தொடாமல் இருப்பதே நல்லது என்று மிஸ் ஆலோசனை சொன்னாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் பெயர்ப் பட்டியல் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அன்றிலிருந்து நூறு சார் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்தார்.

பரீட்சை அன்று சுவரோரம் வெளி ஆள் வரிசை நிரம்பியிருந்தது. தலைமாட்டில் முட்டையக்கா, பின்னால் ஏழு பிள்ளைகள், கடைசியில் இஸ்திரி போட்ட சட்டையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், காதில் பென்சில். சார் உள்ளே வந்தவர் அந்த வரிசையைப் பார்த்தார். நின்றார். கைக்குட்டையை எடுத்தார். அவள் இந்தத் தடவை அவரைப் பார்க்கவே இல்லை, பார்க்க நேரம் இல்லை. எழுதினாள். கேட்டதற்கெல்லாம் எழுதினாள், கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினாள். அவள் பங்குக்கு அவரைப் பார்க்கிற வேலையைப் புருஷன் எடுத்துக்கொண்டான். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நன்றாகவே முறைத்தான். பாதியில் அசந்து குறட்டை விட்டுவிட, சார்தான் போய் மேசையைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

ரிசல்ட் வந்தது. முட்டையக்காவுக்கு ஏ. ஏழு பேரும் பாஸ். அதில் இரண்டு பேர் மயிரிழையில் தப்பினார்கள், ஆனாலும் பாஸ் பாஸ்தானே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் பாஸ். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருத்தர் முட்டை. அந்த ஏழு பேரை நம்பி அவர் விட்டிருந்தால், புருஷன் பெயர் கொடுத்திருக்கவே மாட்டான், அந்த வருஷம் பலகையில் அசல் நூறு ஏறியிருக்கும். தன் சிவப்புக் கோட்டாலேயே தன் நூறை அடித்துக்கொண்டார் அந்த மனுஷன். இதை நினைத்து நினைத்து முட்டையக்கா அந்த வாரம் முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரிட்டயர் ஆன மறுநாள் அவர் வந்தார். எப்போதும் கட்டுகிற டை இல்லை. கை வெறுமனே இருந்தது. புருஷன் உள்ளே மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். சார் நாற்காலியில் உட்காரவில்லை.

"ஏழும் பாஸ்" என்றார்.

"ஆமா சார்."

"நீயும் வாக்கு மாறலை."

"மாறலை சார்."

அவர் மேசை மேலிருந்த குண்டூசி மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு ஊக்கும் குத்தியிருந்தது. யாரிடமோ பேசுகிற மாதிரி சொன்னார். "ஜன்னலோரம். ரெண்டாவது பெஞ்சு. இடுப்புல ஊக்கு தெறிச்சுப் போய், ஒரு கையால பாவாடையைப் பிடிச்சுட்டு நின்ன பொண்ணு. நான் ஏதோ சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க." கண்ணை நிமிர்த்தினார், கலங்கியிருந்தது. "அது நீதானேம்மா? ஆமான்னு சொல்லிடு. மன்னிப்பு கேக்கணும். அதைக் கேட்டுட்டா வீட்டுல போய் நிம்மதியாத் தூங்குவேன்."

உள்ளே விசிறியைக் கழற்றுகிற சத்தம் நின்றுவிட்டது.

எத்தனை வருஷம் காத்திருந்தாள் இந்த ஒரு வார்த்தைக்கு. ஊசியில் நூலைக் கோர்த்தாள், ஒரே தடவையில் கோர்த்தாள்.

"இல்லை சார்" என்றாள். "அது நான் இல்லை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் படி இறங்கி, சாலையில் இரண்டு பக்கமும் பார்த்து, உதடு எதையோ முணுமுணுக்க மெல்ல நடந்தார். அடுத்தவளைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

புருஷன் வாசலுக்கு வந்து அவளைப் பார்த்தான். "அது நீதானே?"

"நான்தான்."

"பின்னே?"

"நான் ஒருத்திதானா? இன்னும் எத்தனை பேர் இருக்காங்க. எல்லாரையும் ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மருந்துப் படிப்பின் சாயங்கால வகுப்புக்கு நேரமாகிறது என்று கடையைப் பூட்டச் சாவியைத் தேடினாள்.